தலையாட்டு வாங்கின மருந்து

எங்க ஊர்ல ஆஸ்பத்திரி இருக்கு, டாக்டர் இருக்காங்க, மருந்தும் இருக்கு. ஆனா வாங்கின மாத்திரையை உடனே வாயில போட்டுக்கற வழக்கம் மட்டும் கிடையாது. மாத்திரையைக் கையில பொத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி சுத்திப் போய், டாக்டர் குவார்ட்டர்ஸ் சமையக்கட்டு வாசல்ல நிப்பாங்க. உள்ள டாக்டரம்மா வெங்காயம் நறுக்கிக்கிட்டோ சோறு வடிச்சுக்கிட்டோ இருப்பாங்க. மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினா, கரண்டியும் கையுமா திரும்பிப் பார்த்து, "எத்தனை நாளா காய்ச்சல்?"னு ஒரு வார்த்தை கேட்டுட்டு, தலையை ஒரு ஆட்டு ஆட்டுவாங்க. அதுக்கப்புறம்தான் அது மருந்து. அதுவரைக்கும் அது வெறும் சுண்ணாம்புத் துண்டு.

இதுக்கு ஊர்ல பேரே உண்டு, தலையாட்டு. "என்ன, ஆஸ்பத்திரிக்குப் போனியா?"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. "தலையாட்டு வாங்கிட்டியா?"ம்பாங்க. வெக்கம் கெட்ட ஊரு, நானும் அதுல ஒருத்திதான்.

காரணம் இல்லாம இல்ல. டாக்டருக்குப் படிச்சு முடிச்சவங்க கிராமத்துல வேலை பழகறதுக்குன்னு ஒதுக்கின ஆஸ்பத்திரி எங்களோடது. வருஷா வருஷம் பட்டணத்துக் காலேஜ்ல இருந்து ஒருத்தரோ ரெண்டு பேரோ வருவாங்க. பெட்டி நிறைய புத்தகம், முகம் நிறைய பயம். டாக்டரம்மா அவங்களை உட்கார வச்சுச் சொல்லிக் கொடுக்கிறதில்ல, கூடவே இழுத்துக்கிட்டு அலைவாங்க. கரண்ட் இல்லாத வீட்ல டார்ச்சை வாயில கவ்விக்கிட்டுப் பிரசவம் பார்க்கறது, வயலுக்குப் பூச்சிமருந்து அடிச்சு மயங்கி விழுந்தவனை முதல்ல துணியைக் கழட்டிக் குளிப்பாட்டறது, நர்ஸம்மாகூட ஒத்தையடிப் பாதையில நடந்து போய் ஊசி போடறது, எல்லாம். "நோயாளி உட்கார்ந்துக்கிட்டு சொல்றதுல பாதி கதை. எழுந்து போறப்போ கதவைப் பிடிச்சுக்கிட்டு 'அப்புறம் டாக்டர், இன்னொண்ணு'ம்பான் பாரு, அதுதான் நோய். அதுவரைக்கும் பேனாவை மூடாதே"ன்னு சொல்லுவாங்க.

ஒரு வருஷத்துல பசங்க நல்லாத் தேறிடுவாங்க. தேறின கையோட கிளம்பிடுவாங்க. மறு வருஷம் வேற பெட்டி, வேற பயம். ஊர் என்ன பண்ணும்? மாறாத முகம் ஒண்ணே ஒண்ணுதான், அந்தத் தலை ஆடினாத்தான் நெஞ்சு அடங்குது.

நான் பக்கத்து வீட்டு டைலர். எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இடுப்பளவு சுவர்தான். தையல் மிஷின்ல இருந்து தலையைத் தூக்கினா நேர் எதிர்ல அந்தச் சமையக்கட்டு வாசல். அதனால ஊருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். இதைப் பெருமையாச் சொல்லல. தெரியாம இருந்திருந்தா நிம்மதியாத் துணி வெட்டியிருப்பேன்.

டாக்டரம்மா வீட்டுக்காரரை எல்லாரும் லேப்காரர்னுதான் சொல்லுவாங்க. அதே ஆஸ்பத்திரியில ரத்தம் பார்த்துக்கிட்டு இருந்தவரு. நக்கல் பிடிச்ச மனுஷன். பொண்டாட்டியை வீட்லகூட "டாக்டர்"னுதான் கூப்பிடுவாரு. "டாக்டர், பீன்ஸுல உப்பு இல்ல, ரெண்டு வேளைக்கு எழுதிக் கொடுங்க"ம்பாரு. அந்த மனுஷனுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துல மூணு நாள் பட்டணத்துக்குப் போய் மிஷின்ல படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வரணும். காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சா, திரும்பி வந்து இறங்கறப்போ பொழுது சாய்ஞ்சிருக்கும். ரோடா அது? நல்லா இருக்கறவனுக்கே குடல் வாய்க்கு வந்துடும். இறங்கின இடத்துல சிமெண்ட் பெஞ்சுல உட்கார்ந்து, கொஞ்சம் உயிர் வந்தப்புறம்தான் வீட்டுக்கு நடப்பாரு. தண்ணிகூட வாய் நிறையக் குடிக்கக் கூடாது. வெயில் காலத்துல கொல்லைக் குழாய்ல வாயைக் கொப்பளிச்சுத் துப்பிட்டு, துப்பின தண்ணியையே பார்த்துக்கிட்டு நிப்பாரு.

ஒரே பொண்ணு, அது கடல் தாண்டி இருக்கு. டாக்டரம்மா துணைக்குப் போகலாம்தான். எப்படிப் போவாங்க? சமையக்கட்டு வாசல்ல ஊரு நிக்குதே!

பட்டணத்துக்கு மாறுதல் கேட்டு, அதுவும் கிடைச்சாச்சு. ஆனா பதிலுக்கு ஒரு டாக்டர் வந்து பொறுப்பு எடுத்துக்கிட்டாத்தான் இவங்களை விடுவாங்களாம். எங்க ஊருக்கு யார் வருவா? பஸ் எத்தனைன்னு கேப்பாங்க. சொன்னதும் போனை வச்சுடுவாங்க.

"ஏண்ணே, சட்டுனு விட்டுட்டுப் போனா என்ன? ஜெயிலா இது?"ன்னு சுவத்துக்கு இந்தப் பக்கத்துல இருந்து லேப்காரரைக் கேட்டேன்.

"ஜெயில்னா தண்டனை முடிஞ்சா விட்டுருவான்மா. இங்க எல்லாரும் நம்ம மேல உயிரா இருக்காங்க. எப்படி விடுவாங்க?"ன்னாரு.

அந்த வருஷம் பழக வந்தவ ஒருத்திதான். நெடுநெடுன்னு உயரம். ஊர் உடனே 'கொக்கு டாக்டர்'னு பேர் வச்சுட்டுது. அவ தலை இடிக்காத வாசல் எங்க ஊர்ல கிடையாது. நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டே உள்ள போய், கொடுத்த கஞ்சியைக் குடிச்சுட்டு, பாயில சம்மணம் போட்டு உட்கார்ந்து நோயைக் கேப்பா. வந்த பசங்க எல்லாம் நாள் எண்ணுவாங்க, இவ எண்ணல. "எங்க ஊர்ல டாக்டரே கிடையாதுக்கா. என் தம்பியைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா நடந்த தூரம் எனக்குத் தெரியும்"னு ஒரு தடவை என்கிட்ட சொன்னா. தம்பிக்கு என்ன ஆச்சுன்னு நான் கேக்கல, அவ முகத்துலயே இருந்துது.

ஒரு நாள் மத்தியானம் அவ டாக்டரம்மா சமையக்கட்டுல உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தா. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி டிரைவர் வாசல்ல வந்து அட்டையைத் தூக்கினான். உள்ள இவளைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னாடி கொண்டு போயிட்டான்.

"என்னண்ணே அது?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"காலையில நான் கொடுத்த மாத்திரைதானே?"

"ஆமா... சும்மா டாக்டரம்மாவுக்கு ஒரு வணக்கம் வச்சுட்டுப் போலாம்னு."

"மாத்திரையைத் தூக்கிக் காட்டியா வணக்கம் வைப்பாங்க?"

அவன் திருதிருன்னு முழிச்சுட்டு டாக்டரம்மாவைப் பார்த்தான். பழக்கதோஷம், டாக்டரம்மா தலை தானா ஆடிப்போச்சு. அவன் முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். விட்டான் ஓட்டம்.

கொக்கு டாக்டர் கத்தியைக் கீழ வச்சா. "எத்தனை பேரு மேடம் இப்படி வர்றாங்க?"

கட்டில்ல படுத்திருந்த லேப்காரர்தான் பதில் சொன்னாரு. "யார் வரலைன்னு கேளும்மா. சீக்கிரம் சொல்லிடலாம்."

"அப்ப இத்தனை மாசமா நான் இங்க டாக்டரா, இல்ல மருந்து எடுத்துக் கொடுக்கற ஆளா?"

"நான் ஆட்டலைன்னா அவன் அதைக் குப்பையில போட்டுருவான்டீ. போட்டுட்டு நோயோட கிடப்பான். நான் என்ன பண்ணட்டும்?"ன்னாங்க டாக்டரம்மா.

"நீங்க ஆட்டறவரைக்கும் இங்க வேற யாரும் டாக்டராக முடியாது மேடம். முன்னாடி வாசல்ல நீங்களே எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறீங்க. பின்னாடி வாசல்ல நீங்களே அதை அழிச்சுடறீங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "எனக்கு இங்கயே இருக்க ஆசை. பழகற வருஷம் முடியப்போகுது, பொறுப்பை நான் எடுத்துக்கறேன். ஆனா யாரும் முழுங்காத மருந்தை என்னால எழுத முடியாது."

லேப்காரர் கட்டில்ல எழுந்து உட்கார்ந்தாரு. "பொறுப்பு எடுத்துக்கறியா? நிஜமாவா?" அந்தக் குரல்ல நக்கல் இல்ல. இத்தனை வருஷத்துல அவரை நான் அப்படிக் கேட்டதே இல்ல.

மறுநாளே கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கிட்டு வந்தாரு. மூச்சு வாங்க வாங்க, அவரே சமையக்கட்டுக் கதவுல கொண்டி அடிச்சுப் பூட்டினாரு.

அதுக்கப்புறம் நடந்த கூத்து இருக்கே! பூட்டின கதவுக்கு முன்னாடி கூட்டம் நின்னுது. டாக்டரம்மா கடைக்குக் கிளம்பினா வழி நெடுக ஆளாளுக்கு அட்டையைத் தூக்கிக்கிட்டு நிப்பானுங்க. அவங்க கழுத்துல பலகை கட்டின மாதிரி நடப்பாங்க. ஈ வந்து உட்கார்ந்தாக்கூட அசைய மாட்டாங்க. என் ஜன்னலுக்கும் வந்துட்டானுங்க. "எக்கா, நீ சுவத்துக்கு மேல தூக்கிக் காட்டேன், அவங்க பார்த்தாப் போதும்." "போடா அந்தப் பக்கம்! நான் துணி தைக்கறதா, உன் மாத்திரைக்கு வக்காலத்து வாங்கறதா?"ன்னு கத்தரிக்கோலைக் காட்டி விரட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டம் குறைஞ்சுது. லேப்காரர் பட்டணத்துல மிஷின் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலயே ரெண்டு ரூம் வீடு பார்த்துட்டு வந்தாரு. "மாடி இல்ல டாக்டர். ஜன்னல் இருக்கு"ன்னு சின்னப் பையன் மாதிரி சொன்னாரு.

பேக்கரிக்காரர் விஷயம் அப்பத்தான் நடந்துது. அவருக்குச் சர்க்கரை. கால் விரல்ல ஆணி குத்திச் சீழ் வச்சிடுச்சு. கொக்கு டாக்டர் சுத்தம் பண்ணி, கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து, "தினமும் வந்து கட்டை மாத்திக்கணும்"னு சொல்லி அனுப்பினா. அவர் கடை வாசல்ல காத்திருந்து, டாக்டரம்மா தாண்டிப் போறப்போ அட்டையைத் தூக்கினாரு. பழைய மனுஷன், முகத்துல வலி வேற. டாக்டரம்மாவுக்குத் தலை ஆடப் பார்த்துது. ஆடிடக் கூடாதேன்னு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க.

தலையை ஆட்டாம இருக்கத்தான் பழகியிருந்தாங்க. முகத்தைத் திருப்பினா ஊர் அதுக்கு என்ன அர்த்தம் எடுத்துக்கும்னு அவங்க நினைக்கல. பேக்கரிக்காரர் எடுத்துக்கிட்டாரு. "டாக்டரம்மா வேணாம்னுட்டாங்க." மாத்திரையை அப்படியே ரொட்டி அடுப்புக்குள்ள போட்டாரு. கட்டு மாத்தவும் போகல. கொக்கு டாக்டர் வீடு தேடிப் போனா, ஆள் இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டாரு. அப்புறம் கால் கறுத்து, ரொட்டி வாசனையை மீறி நாத்தம் அடிக்க ஆரம்பிச்சதும்தான் வீட்ல அலறினாங்க. பட்டணத்துக்குத் தூக்கிக்கிட்டு ஓடி, அங்க ரெண்டு விரலை எடுத்துட்டாங்க.

பேக்கரிக்காரர் மகன் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கத்தினான். "டாக்டரம்மாவே வேணாம்னு முகத்தைத் திருப்பின மருந்தை எங்கப்பாவுக்குக் கொடுத்தவளே, வெளிய வாடீ!" ஊரே கூடிடுச்சு. கொக்கு டாக்டர் வெளிய வந்தா. முகம் வெளுத்துப் போயிருந்துது. டாக்டரம்மா ஓடி வந்தாங்க.

"நிறுத்துடா! அவ கொடுத்தது சரியான மருந்து. அதைச் சாப்பிட்டிருந்தா உங்கப்பாவுக்கு விரல் போயிருக்காது. தப்பு என்னோடது, அவளோடது இல்ல. இனிமே இந்தப் பொண்ணு சொன்னா நான் சொன்ன மாதிரின்னு எடுத்துக்குங்க."

அவன் அப்படியே அடங்கிட்டான். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "நீங்க சொன்னா சரிம்மா. நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன பயம்?"ன்னான். கூட்டமும் ஆமா ஆமான்னு கலைஞ்சுது.

கொக்கு டாக்டர் என்னைப் பார்த்துச் சிரிச்சா. அது சிரிப்பே இல்ல. "பார்த்தீங்களாக்கா? இப்பவும் உங்க டாக்டரம்மாகிட்ட தலையாட்டு வாங்கிட்டுத்தான் போறாங்க"ன்னா.

அன்னிக்கு லேப்காரரோட மிஷின் நாள். சாயங்காலம் பஸ்ல இருந்து இறங்கறப்போ படியிலேயே விழுந்துட்டாரு. தள்ளுவண்டிக்காரன் ஒருத்தன் வண்டியில படுக்க வச்சுக் கொண்டுவந்து விட்டான். நானும் டாக்டரம்மாவும்தான் கைத்தாங்கலாக் கட்டிலுக்குக் கொண்டு போனோம்.

"டாக்டர், கோபத்துல சொல்லல"ன்னாரு. "என்னால முடியல. இந்த நோய் என்னைக் கொல்லாது. மிஷினும் கொல்லாது. இந்தப் பஸ்லதான் நான் சாகப்போறேன்."

டாக்டரம்மா அவர் கால்மாட்டுல உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழட்டாம, வாய்விட்டு அழுதாங்க. "உங்களை நான்தான் கொல்றேன்"னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. ஊருக்கே தைரியம் சொல்ற பொம்பளை. எனக்கு ஊர் மேல வந்துதே ஒரு ஆத்திரம்! அப்ப எவனாவது அட்டையைத் தூக்கிக்கிட்டு வந்திருந்தா அவன் கையை ஒடிச்சிருப்பேன்.

கொக்கு டாக்டர் வாசப்படியில தலையைக் குனிஞ்சு உள்ள வந்தா.

"மேடம், பொறுப்பை இப்பவே எடுத்துக்கறேன். ஆனா ஒரு கண்டிஷன். நீங்க போறது ஊருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா வழியனுப்ப வருவாங்க. நீங்க என்னைப் பத்தி நாலு வார்த்தை நல்லதாச் சொல்லுவீங்க. மறுபடியும் உங்க பேர்லதான் நான் வைத்தியம் பார்க்கணும். சார்கூட ஒரு நாள் பஸ் ஏறிடுங்க. துணைக்குப் போறதாச் சொல்லுங்க. திரும்பி வராதீங்க."

"திருடி மாதிரியா?"

"ஆமா மேடம். என்னைத் திட்டுவாங்க, உங்களையும் திட்டுவாங்க. ஆனா காய்ச்சல் வந்தா மருந்து சாப்பிட்டுத்தானே ஆகணும்? கேக்க ஆள் இல்லைன்னா சாப்பிடுவாங்க."

டாக்டரம்மா புருஷன் முகத்தைப் பார்த்தாங்க. அப்புறம் சரின்னுட்டாங்க. பொறுப்பு மாத்தற எழுத்து வேலை எல்லாம் சத்தமில்லாம முடிஞ்சுது. வீட்டுச் சாமானை அப்புறமா லாரியில ஏத்தி அனுப்பற வேலை என்னோடது. "டைலரக்கா, வாயைத் திறந்துடாதீங்க"ன்னாங்க. "என் வாயில ஊசி நூல் போட்டுத் தைச்சுக்கறேன், நீங்க போங்கம்மா"ன்னேன்.

கிளம்பற அன்னிக்குக் காலையில நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், நூல்கண்டு வாங்கற சாக்குல. அவர் எப்பவும் எடுத்துக்கிட்டுப் போற பை ஒண்ணுதான், அதுக்குள்ள இவங்க புடவை ரெண்டு. "என்னம்மா, இன்னிக்கு நீங்களுமா?"ன்னு டீக்கடைக்காரர் கேட்டாரு. "துணைக்கு"ன்னாங்க. "சாயங்காலம் வந்துருவீங்கல்ல?" லேப்காரர்தான், "வராம எங்க போவா?"ன்னு சமாளிச்சாரு. ஜன்னலோரம் டாக்டரம்மா, பக்கத்துல அவரு. டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

அப்பத்தான் பேக்கரிக்காரர் மருமக ஓடி வந்தா. தோள்ல அவ குழந்தை, துவைச்ச துணி மாதிரி தொங்குது.

"டாக்டரம்மா! ராத்திரியெல்லாம் வாந்தியும் பேதியும்மா! கண்ணே திறக்க மாட்டேங்குதும்மா!"

ஜன்னலுக்கு நேரா குழந்தையைத் தூக்கிப் பிடிச்சா. கம்பிக்கு நடுவுல டாக்டரம்மா கை வெளிய வந்து குழந்தை வயித்துத் தோலைக் கிள்ளி விட்டுது. தோல் படியாம அப்படியே நின்னுது, உடம்புல தண்ணியே இல்ல. அவங்க முகம் மாறிடுச்சு.

"ஆஸ்பத்திரிக்கு ஓடு. கொக்கு டாக்டர் இருக்கா. ஓடுடீ!"

"நீங்க இறங்கி வாங்கம்மா! அந்தப் பொண்ணுகிட்ட நான் எப்படிம்மா..."

லேப்காரர் நேரா முன்னாடியே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. பஸ் நகர்ந்துது. மருமக கூடவே ஓடினா. நான் அவ கையைப் பிடிச்சு இழுத்து, குழந்தையைப் பிடுங்கி என் தோள்ல போட்டுக்கிட்டு, "நட முதல்ல! அழறதை அங்க வந்து அழு!"ன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கொக்கு டாக்டர் ஒரு கேள்வி கேக்கல. குழந்தையை வாங்கிப் படுக்க வச்சா. வத்திப்போன கையில நரம்பு கிடைக்கல. கால்ல தேடினா. நர்ஸம்மா காலைப் பிடிச்சுக்க, உதட்டைக் கடிச்சுக்கிட்டு ஊசியை ஏத்தினா. சொட்டு இறங்க ஆரம்பிச்சுது. நான் சுவத்தோரம் ஒட்டி நின்னேன். கொஞ்சம் கொஞ்சமா குழந்தை முகத்துல ரத்தம் வந்துது. அப்புறம் கண்ணைத் திறந்து, சிணுங்கிச்சு.

கொக்கு டாக்டர் ஒரு டம்ளர்ல உப்புச் சர்க்கரைத் தண்ணி கலக்கி, ஸ்பூனை மருமக கையில கொடுத்தா. "ஒவ்வொரு ஸ்பூனா ஊட்டு. அவசரப்படாதே. வாந்தி எடுத்தா கொஞ்சம் நிறுத்திட்டு மறுபடியும் கொடு."

மருமக ஸ்பூனைப் பார்த்தா. கொக்கு டாக்டரைப் பார்த்தா. மாமனாரோட கால் ஞாபகம் வந்திருக்கும். பின்பக்கம் குவார்ட்டர்ஸ் இருக்கற திசையை ஒரு தடவை பார்த்தா. அங்க யாரு இருக்கா? ஒரு ஸ்பூன் ஊட்டினா. குழந்தை சப்புக் கொட்டிச்சு. இன்னொரு ஸ்பூன். இன்னொண்ணு.

எங்க ஊர்ல யாரும் யாரையும் கேக்காம மருந்து கொடுத்ததை நான் பார்த்ததே அன்னிக்குத்தான். கொக்கு டாக்டரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தா. சட்டுனு குழாய்ப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே கழுவின கையை மறுபடியும் கழுவ ஆரம்பிச்சா. தோள் குலுங்கறது தெரிஞ்சுது.

வாசல்ல நிழல் விழுந்துது. திரும்பிப் பார்த்தா டாக்டரம்மா! புடவை முழங்கால் வரைக்கும் புழுதி, முகமெல்லாம் வேர்வை, மூச்சு இரைக்குது. ஊரைத் தாண்டி இருக்கற மர மில் கிட்ட பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, அங்கிருந்து நடந்தே வந்திருக்காங்க.

"என்னால உட்கார முடியல"ன்னாங்க. "தோல் படியலயே... குழந்தைக்கு எதாவது ஆயிருந்தா..."

"அண்ணன் எங்கம்மா?"ன்னேன்.

"மிஷினை விட முடியுமா? அவரு போயிட்டாரு. ஒரு வார்த்தை பேசலக்கா. நான் இறங்கறதுக்குக் காலை ஒதுக்கி வழி விட்டாரு."

அவங்க குரல் கேட்டதும் மருமக நிமிர்ந்து பார்த்தா. குழந்தை வாய்க்குப் போன ஸ்பூன் பாதி வழியில நின்னுது. டாக்டரம்மா முகத்தையே பார்த்துக்கிட்டு, ஸ்பூனை லேசாத் தூக்கிக் காட்டினா. குழந்தை வாயைத் திறந்துக்கிட்டுக் காத்திருக்கு.

டாக்டரம்மா கல்லு மாதிரி நின்னாங்க. அவங்களுக்குப் புரிஞ்சு போச்சு. கழுத்து நரம்பு புடைச்சுக்கிட்டு நின்னுது. ஸ்பூன்ல இருந்த தண்ணி சொட்டுச் சொட்டாத் தரையில விழுந்துது.

கொக்கு டாக்டர் குழாயை மூடினா. திரும்பல.

"ஆட்டுங்க மேடம்"னா. "குழந்தை காத்துக்கிட்டு இருக்கு."

டாக்டரம்மா தலையை ஆட்டினாங்க. ஸ்பூன் உள்ள போச்சு.